குளோரின் வாடை வீசும் குடிநீர்: அஞ்ச வேண்டுமா?

குழாயைத் திறந்ததும் குளோரின் வாடை எழுந்தால், “இதைக் குடித்தால் புற்றுநோய் வருமாமே?” என்று நோயாளிகளின் உறவினர் வினவுவதுண்டு. அவ்வினா அடிப்படையற்றதன்று. ஆயினும், அதற்காகக் குளோரினையே ஒதுக்குவது பெருந்தவறாகும்.

துணைப்பொருள்கள் உருவாகும் விதம்

குளோரின் நீரிலுள்ள கிருமிகளைக் கொல்கிறது. அத்துடன், மக்கிய இலை, பாசி முதலியவற்றிலிருந்து நீரில் கலந்த கரிமப் பொருள்களோடும் வினைபுரிகிறது. அவ்வினையில் குளோரோஃபார்ம் உள்ளிட்ட டிரைஹாலோமீத்தேன்களும் ஹாலோஅசிட்டிக் அமிலங்களும் உண்டாகின்றன. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் பணியாற்றிய யோஹானஸ் ரூக் என்னும் வேதியியலர், குளோரின் கலந்த நீரில் இவை உருவாவதை 1974-ஆம் ஆண்டு வெளியிட்டார். ஏரி, ஆற்று நீரிலும் வெப்பம் மிகுந்த காலத்திலும் இவை கூடுதலாக உருவாகும்.

தீங்கின் அளவு

இவை மிகுந்த நீரைப் பல்லாண்டுகள் பயன்படுத்துவோரிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றே கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சில தெரிவிக்கின்றன. இந்தியக் குடிநீர்த் தரநிலை, குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என உச்ச வரம்பு விதித்துள்ளது. ஆனால், கிருமி நீக்காத நீர் தரும் காலராவும் வயிற்றுப்போக்கும் சில நாள்களிலேயே உயிரைப் பறிக்கவல்லவை. புற்றுநோய் மருந்து பெறுவோர்க்கும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர்க்கும் இவ்விடர் இன்னும் பெரிது. துணைப்பொருள்களுக்கு அஞ்சிக் கிருமி நீக்கத்தில் குறை வைத்தலாகாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இல்லத்தில் செய்யத்தக்கவை

• குடிநீரைத் திறந்த பாத்திரத்தில் சில நிமிடங்கள் கொதிக்க விடுங்கள். டிரைஹாலோமீத்தேன்களில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். அமிலங்கள் ஆவியாகா, ஆகவே நீரைச் சுண்டக் காய்ச்ச வேண்டா. ஆறியபின் மூடி வையுங்கள்.

• கலங்கிய நீரில் பிளீச்சிங் பவுடரை நேரடியாகக் கொட்டாதீர்கள். முதலில் தெளியவைத்து வடிகட்டுங்கள். தொட்டியின் அடிச்சேற்றை அவ்வப்போது அகற்றுங்கள்.

• கரி வடிகட்டி துணைப்பொருள்களைக் குறைக்கும், குளோரினையும் நீக்கிவிடும். எனவே வடிகட்டிய நீரை நெடுநாள் தேக்கி வையாதீர்கள்; வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுங்கள்.

• வெந்நீரில் குளிக்கையில் குளியலறைச் சாளரம் திறந்திருக்கட்டும். இவ்வாவி மூச்சின் வழியாகவும் உடலுட் புகும்.

டயாலிசிஸ் பெறுவோர் கவனத்திற்கு

டயாலிசிஸ் நீரில் எஞ்சும் குளோரினும் குளோரமைனும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆதலால் மருத்துவமனைகளில் அவை கரி வடிகட்டிகளால் நீக்கப்படுகின்றன. இல்லத்தில் இயந்திர டயாலிசிஸ் செய்துகொள்வோர், காய்ச்சிய நீர் போதுமென எண்ணாது, தங்கள் சிகிச்சைக் குழுவினரிடம் நீர்ப் பரிசோதனை குறித்துக் கேட்டறிதல் வேண்டும்.