வழி தவறிய பிராணியும் வீடு சேர்க்கும் இலக்கமும்

வீட்டில் வளரும் நாயும் பூனையும் தம் பெயரை அறியும், வீட்டை அறியும், உணவு வைக்கும் கையையும் அறியும். ஆயினும் வழி தவறித் தெருவில் நிற்குங்கால் இவற்றுள் ஒன்றையேனும் பிறரிடம் எடுத்துரைக்க அவற்றால் இயலாது. கண்டெடுத்தவர் இரக்கமுள்ளவராகவே இருப்பினும், இது யாருடையது, எங்கே கொண்டு சேர்ப்பது என்று தெரியாமல் கையைப் பிசைந்து நிற்பார். அதனால், உடையவர் இன்னார் என்பதைப் பிராணியின் உடம்பிலேயே எழுதிவைக்கும் வழிகளை மனிதன் நெடுங்காலமாகத் தேடி வந்திருக்கிறான். மாட்டுக்குச் சூட்டுக்குறி இட்டனர். ஆட்டுக்குக் காதில் வெட்டுக்குறி இட்டனர். நாய்க்கு வாய்த்தவை கழுத்துப்பட்டையும் அதில் தொங்கும் வில்லையும் ஆகும்.

நாயைத் தனிப் பெயரிட்டு மதிக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்து உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதைக் கல்லெழுத்து இன்றும் சொல்கிறது. சுமார் 1,400 ஆண்டு கழிந்தும் அந்த நாய் யாருடையது என்பதில் ஐயமில்லை. இக்காலத்து அடுக்குமாடி வீட்டை விட்டு நேற்று ஓடிய நாய்க்கு இந்த நற்பேறு பல வேளைகளில் கிட்டுவதில்லை.

கழுத்து வில்லையை ஏளனமாக எண்ணுதல் தவறு. அதைப் படிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. தெருவிற் செல்லும் சிறுவனும் அதிலுள்ள தொலைபேசி இலக்கத்தைப் பார்த்து அழைத்துவிடலாம். பிரிட்டனில் 1992-இல் பிறந்த ஆணைப்படி, பொது இடத்திலுள்ள நாயின் பட்டையிலோ வில்லையிலோ உடையவரின் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும். குறை யாதெனில், பட்டை கழன்று விழக்கூடும். திருடியவன் அதை அறுத்தெறியவும் கூடும். பூனைக்கோ வேறோர் இடர் உண்டு. வேலியிலோ கிளையிலோ பட்டை மாட்டிக்கொண்டால் கழுத்து இறுகிவிடும். ஆதலின், இழுத்தால் தானே பிரிந்துகொள்ளும் பட்டையையே பூனைக்கு அணிவித்தல் வேண்டும்.

கழன்று விழாத அடையாளமாக வந்ததே மைக்ரோசிப் எனப்படும் நுண்சில்லு. அது ஓர் அரிசி மணியின் அளவினது. ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள கண்ணாடிக் குப்பி. அதனுள் நுண்ணிய கம்பிச் சுருளும், இலக்கத்தைத் தாங்கிய சில்லும் அடங்கியுள்ளன. கால்நடை மருத்துவர் அதைத் தடித்த ஊசியின் வழியாகப் பிராணியின் இரு தோள்பட்டைகளுக்கு இடையே தோலுக்கடியில் செலுத்துவார். மயக்க மருந்து பொதுவாக வேண்டியதில்லை.

இக்குப்பியில் மின்கலம் கிடையாது. அப்படியாயின் அது எவ்வாறு பேசுகிறது? படிக்கும் கருவியை அருகிற் பிடித்ததும், அதிலிருந்து எழும் மாறுகின்ற காந்தப்புலம் குப்பியிலுள்ள சுருளில் சிறிதளவு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. பாரடே என்னும் ஆங்கில அறிஞர் 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. அந்தச் சிறு மின்சாரத்தால் உயிர்பெற்ற சில்லு தன் இலக்கத்தைக் கருவிக்குத் திருப்பிச் சொல்லுகிறது. கருவி அகன்றதும் மீண்டும் உறங்கிவிடுகிறது. பல்லாண்டு கழிந்தும் அது வேலை செய்வதற்குக் காரணம், தீர்ந்துபோக அதனுள் எதுவும் இல்லாமையே.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும். சில அங்குலத் தொலைவில் கருவியைப் பிடித்தாலன்றிச் சில்லு வாய் திறவாது. காணாமற்போன நாய் எந்தத் தெருவில் திரிகிறது என்பதை அது காட்டும் என்று பலர் நம்பியிருக்கின்றனர். அது முற்றிலும் பிழை. இருப்பிடம் காட்டுவன கழுத்துப்பட்டையில் மாட்டும் வேறு கருவிகள். அவற்றுக்கு மின்கலமும் வேண்டும், அதற்கு அடிக்கடி மின்னேற்றவும் வேண்டும்.

இலக்கம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதும் அறியத்தக்கது. 1996-இல் வெளிவந்த அனைத்துலகத் தர விதிகளின்படி அதில் 15 எண்கள் உள்ளன. முதல் மூன்றும் நாட்டையோ, சில்லைச் செய்த நிறுவனத்தையோ குறிக்கும். சிங்கப்பூரின் நாட்டுக்குறி 702, மலேசியாவினது 458. நிறுவனக் குறிகள் 900 முதல் தொடங்குகின்றன. எஞ்சிய பன்னிரண்டு எண்களே அந்தப் பிராணிக்கு உரியவை. ஒவ்வொரு குறியின் கீழும் 27,000 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்களுக்கு இடமுண்டாதலால், ஒன்றுபோல் மற்றொன்று நேர வேண்டிய தேவையில்லை.

ஆனால் சில்லில் இருப்பது இலக்கம் மட்டுமே. பெயர் இல்லை, முகவரி இல்லை. அவை இருப்பது பதிவேட்டில். பதிவேடு பொய்யானால் சில்லும் ஊமையாகிவிடும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா லார்ட் என்பாரும் அவர்தம் குழுவினரும் 53 காப்பகங்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாக்குகின்றன. அக்காப்பகங்களுக்கு வந்த தெரு நாய்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்க்கையில், உடையவரிடம் திரும்பியவை நூற்றுக்கு 22 அளவே. நுண்சில்லு உள்ள நாய்களில் 52. பூனைகளின் கணக்கு இன்னும் வியப்பானது. பொதுவில் நூற்றுக்கு இரண்டுகூட வீடு திரும்பவில்லை; சில்லு உள்ளவற்றில் 38-க்கு மேல் திரும்பின.

அப்படியானால், சில்லு இருந்தும் உடையவரைக் கண்டுபிடிக்க முடியாமற்போனது ஏன்? மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் தொலைபேசி இலக்கம் தவறாகவோ துண்டிக்கப்பட்டோ இருந்தது. நூற்றுக்குப் பத்தளவில் சில்லு எந்தப் பதிவேட்டிலும் ஏறவேயில்லை. வீடு மாறினோம், கைப்பேசி மாற்றினோம், நாயின் பதிவை மறந்தோம் என்பதே இதன் பொருள். பிரிட்டனில் பிடிபடும் தெரு நாயை உடையவருக்காக ஏழு நாள் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. அதன்பின் அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். உயிரைப் போக்கவும் கூடும். பழைய தொலைபேசி இலக்கம் ஒன்றின் விலை சில வேளை அவ்வளவு பெரிது.

சிங்கப்பூரில் இச்சிக்கல் ஓரளவு குறைவு. நாயின் உரிமமும் சில்லின் இலக்கமும் அரசாங்கத்தின் ஒரே பதிவேட்டில் இணைந்திருப்பதே காரணம். உரிமம் வழங்குவதன் நோக்கங்களுள் வெறிநாய்க்கடி நோயைத் தடுப்பதும் ஒன்று. 1953 முதல் இத்தீவில் அந்நோய் இல்லை; ஆயினும் 2017-இல் சரவாக்கில் அது தலைகாட்டியதை மறத்தற்கில்லை. நாய்க்கு உரிமம் பெறுவதற்கு நுண்சில்லு 2007-இல் கட்டாயமாயிற்று. பூனைகளின் கதை வேறு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது. மறைவாக வளர்த்தவரோ பலர். மறைத்து வளர்த்த பூனை தொலைந்தால் வெளிப்படையாகத் தேடவும் அச்சமே. 2024 செப்டம்பர் 1-இல் அத்தடை நீங்கி, வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்க இடமுண்டாயிற்று. நுண்சில்லும் உரிமமும் பெறுவதற்கு 2026 ஆகஸ்டு 31 வரை ஈராண்டு மாறுதல் காலம் வகுக்கப்பட்டது.

கருத்தடை செய்த பிராணிக்கு ஒரே முறை பெறும் ஆயுட்கால உரிமமும் சிங்கப்பூரில் உண்டு. செலவுக்கு அது நன்றே. ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிப்போர்க்கு வரும் நினைவூட்டல் அவர்க்கு வாராது. முகவரி மாறியதும் தாமே சென்று பதிவைத் திருத்துவது அத்தகையோர் கடமையாகிறது. பிராணியைப் பிறருக்குக் கொடுக்குங்காலும் அவ்வாறே. இன்றேல் கண்டெடுத்தவர் பழைய உடையவரையே அழைப்பார்.

தேடும் முறையும் நாய்க்கு ஒன்று, பூனைக்கு ஒன்று. இடிக்கோ தீபாவளி வெடிக்கோ மிரண்ட நாய் வெகுதூரம் ஓடும். துரத்தினால் இன்னும் ஓடும். அமர்ந்து, முகத்தைத் திருப்பி, பழகிய குரலில் மெல்ல அழைப்பதே நலம். வீட்டுப் பூனையோ பெரும்பாலும் தொலைவு செல்வதில்லை. காணாமற்போன பூனைகளைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வொன்றில், கிடைத்தவற்றுள் நான்கில் மூன்று பங்கு 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. அச்சங்கொண்ட பூனை பெயர் சொல்லி அழைத்தாலும் குரல் கொடாது. அழைப்பவர் உடையவராகவே இருப்பினும் அப்படித்தான். ஆதலின் அடுத்த ஊரில் துண்டறிக்கை ஒட்டுமுன், அதே புளோக்கின் மாடிப்படியின் அடி, செருப்பு அலமாரியின் பின்புறம், மூடிய கால்வாய், பக்கத்து வீட்டுச் செடித்தொட்டிகளின் இடுக்கு ஆகியவற்றைக் கைவிளக்குடன் இரவின் அமைதியில் பார்த்தல் வேண்டும். இருளில் விளக்கொளி பட்டதும் பூனையின் கண் பளிச்சிடும்.

கண்டெடுத்தவர் செய்யத்தக்கது எளிது. பிராணியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றால் கருவியால் படித்துச் சொல்வார். சில்லு சில வேளை தோலுக்கடியில் நகர்ந்து தோளுக்கோ விலாவுக்கோ போயிருக்கும். ஆதலின் முதுகில் மட்டும் பார்த்துவிட்டு இல்லையென்று சொல்லாமல், உடல் முழுவதும் கருவியை மெதுவாக நகர்த்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிராணி வளர்ப்போரும் ஆண்டுதோறும் தடுப்பூசிக்குச் செல்லும் நாளிலேயே சில்லு படிக்கிறதா என்று சோதித்து, திரையில் தோன்றும் 15 எண்களையும் வீட்டிலுள்ள பதிவுத் தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.