ஆறு டயர் இருந்தா போதுமா?

ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு பெரிய பிக்-அப் வண்டி. அதன் முதுகில் ஒரு குட்டி வீடு! கட்டில், அடுப்பு, ஜன்னல் திரை எல்லாம் உள்ளேயே. ஹீரோ பாட்டுக்கு மலை மேல ஏறி, வண்டியை ஓரங்கட்டி, காபி போட்டுக் குடிப்பார். அதைப் பார்த்துட்டு, 'மச்சி, நாமளும் இப்படி ஒண்ணு கட்டி தனுஷ்கோடி வரைக்கும் போறோம்டா' என்று பிளான் போடாத மெக்கானிக்கல் பேட்ச் எந்தக் காலேஜிலாவது உண்டா?

நாங்களும் போட்டோம். ஆனால், அந்த பிளானில் இருக்கிற நிஜமான சிக்கலை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஹாலிவுட் இல்லை. திருப்போரூரில் ஒரு புளியமரத்தடியில் நின்ற பழைய டிபன் பெட்டி!

என் கிளாஸ்மேட்டின் அப்பா வருஷக்கணக்காக ஓ.எம்.ஆரில் வண்டிக் கடை போட்டவர். கேளம்பாக்கம், சிறுசேரி பக்கம் ஐ.டி. கம்பெனி வாசல்களில் காலை இட்லி, மதியம் தக்காளி சாதம். 2020 லாக்டவுனில் கம்பெனிகள் மூட, கடையும் மூடியது. வண்டி பழசாகி காயலான் கடைக்குப் போனது. மேலே இருந்த பெட்டியை மட்டும் அவர் விற்கவில்லை. இரும்பு ஆங்கிள் ஃப்ரேம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட், 11 அடி நீளம். இப்போது கடன் வாங்கி ஒரு செகண்ட் ஹேண்ட் 407 வாங்கிவிட்டார். பெட்டியைத் தூக்கி அதன் மேல் வைத்து, திரும்பவும் கடையைத் திறக்க வேண்டும். தவணை கட்டும் தேதியும் காத்துக்கொண்டு நிற்கவில்லை.

"ஆறு டயரும்மா... பின்னாடி ஜோடி ஜோடியா நாலு! என்ன வெச்சாலும் தாங்கும்" என்றார் அப்பா.

நானும் முதலில் தலையாட்டினேன். அப்புறம்தான் டேப்பை எடுத்தேன்.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

ஹாலிவுட் படத்தில் வரும் அந்தக் குட்டி வீட்டுக்கு அங்கே 'டிரக் கேம்பர்' என்று பெயர். நம்ம ஊர் 'பொலேரோ கேம்பர்' ஞாபகத்துக்கு வந்தால் மறந்துவிடுங்கள். அது ரெண்டு வரிசை சீட் வைத்த பிக்-அப், அவ்வளவுதான். டிரக் கேம்பர் என்பது தனிப் பெட்டி. நாலு மூலையிலும் ஜாக்கிக் கால்கள் இருக்கும். பெட்டியை அந்தக் கால்களில் நிறுத்திவிட்டு, வண்டியை ரிவர்ஸில் அடியில் நுழைத்து, பெட்டியை இறக்கி, நாலு மூலையிலும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஊர் திரும்பியதும் கழற்றி வைத்துவிடலாம்.

கனமான பெட்டி என்றால் பின்னால் இரட்டை டயர் போட்ட பிக்-அப்பைத் தேடுவார்கள். அதன் செல்லப் பெயர் 'டூயலி'. சிக்கல் எங்கே வரும் தெரியுமா? பெட்டி பழசாகவும் வண்டி புதுசாகவும் இருக்கும்போது!

டூயலியின் பின்பக்க அகலம் சுமார் 8 அடி. பழைய பெட்டியின் முன் ஜாக்கிக் கால்கள் அதைவிட நெருக்கமாக இருந்தால், ரிவர்ஸ் எடுக்கும்போது டயர் காலில் இடிக்கும். அதற்காகவே கால்களை வெளியே தள்ளிப் பிடிக்கும் பிராக்கெட் விற்கிறார்கள். அடுத்தது உயரம். அந்தக் கால வண்டிகள் குள்ளம், இந்தக் கால கேபின் உயரம். கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டில் பகுதி கூரையில் உரசும். பெட்டிக்கு அடியில் பலகை கொடுத்துத் தூக்கணும். தூக்கினால்? எடையின் மையமும் கூடவே மேலே ஏறும், வளைவில் ஆட்டம் அதிகமாகும். ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு இடிக்கும். இன்ஜினீயரிங்னா அதானே!

இதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். அங்கே 1970-களிலேயே இதற்கு விதி வந்துவிட்டது. கேம்பர் செய்பவர் பெட்டியின் எடையையும், எடையின் மையம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வண்டி செய்பவர் அந்த மையம் வண்டியில் எந்த இடத்துக்குள் விழ வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். அதாவது, முதல் கேள்வி 'எத்தனை டயர்?' இல்லை. 'எடை எங்கே உட்காருது?'

ஃபர்ஸ்ட் இயர் கணக்கு, பட்டறையில்!

இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் பேப்பரில் 'மொமென்ட்' கணக்கு போட்டிருப்பீர்களே... அரியர் வைத்தவர்களும் கவலைப்படாதீர்கள், இது சீசா பலகைதான். முன் அச்சு ஒரு முனை. பின் அச்சு நடுவில் இருக்கிற முளை. பின் அச்சுக்குப் பின்னால் கனத்தை வைத்தால் முன் சக்கரம் லேசாகும். ஸ்டியரிங் இருப்பது முன்னாடி. பிரேக் போட்டால் அதிகம் வேலை செய்வதும் முன்னாடி. அங்கே கனம் குறைந்தால் வண்டி நம் பேச்சைக் கேட்காது.

பெட்டியை கிரேன் வைத்து 407-ன் பிளாட்பாரத்தில் ஏற்றி, சரக்கு மாதிரி கட்டி, பக்கத்தில் இருந்த எடைமேடைக்கு மெதுவாக ஓட்டிப் போனோம். டிரிக் சிம்பிள். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை. முழு வண்டிக்கு இன்னொரு எடை. காலி வண்டியிலும் இதே மாதிரி ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தோம். கழித்துப் பார்த்தால் எந்த அச்சில் எவ்வளவு ஏறியது என்று தெரிந்துவிடும்.

அடுப்பு, சிலிண்டர், 200 லிட்டர் தண்ணீர் எல்லாம் சேர்த்து பெட்டி 1,200 கிலோ. இரண்டு அச்சுக்கும் நடுவே 3 மீட்டர். பெட்டியின் மையம் பின் அச்சைத் தாண்டி 40 சென்டிமீட்டர் பின்னாடி விழுந்தது. 1,200-ஐ 0.4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுங்கள். 160 கிலோ! முன் அச்சில் இருந்து 160 கிலோ காணாமல் போய், பின் அச்சில் 1,360 கிலோவாக ஏறி நின்றது.

"டயர் தாங்குதேம்மா!" என்றார் அப்பா. தாங்கியது. பிரச்னை அது இல்லையே!

இரட்டை டயர் என்ன தரும்? பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று பஞ்சரானாலும் வண்டி உடனே சாயாமல் பக்கத்து டயர் கொஞ்சம் காப்பாற்றும். பின்பக்கம் அகலமாக நிற்பதால் உயரமான பெட்டி ஆடுவதும் குறையும். நெம்மேலி வழியாக ஈ.சி.ஆருக்குப் போய், கடற்காத்து பக்கவாட்டில் அடிக்கும்போது அதன் அருமை தெரியும். ஆனால், அச்சு, பட்டை, பிரேக் இதற்கெல்லாம் கம்பெனி போட்ட எல்லை டயர் கூடினாலும் கூடாது. முன் சக்கரத்துக்குக் கனமும் தராது.

கல்லைத் தூக்கிய கதை

காரணம் தெரிந்ததுதான். பழைய வண்டியில் சமையல் மேடை, தண்ணீர் டேங்க் எல்லாமே பெட்டியின் பின் முனையில். வியாபாரத்துக்கு அதுதான் வசதி. நான் பெருமையாக நோட்டைத் திறந்தேன். டேங்க்கை மட்டும் பெட்டியின் முன்பக்கத்துக்கு, 2.7 மீட்டர் நகர்த்தினால் போதும். முன் அச்சுக்கு 180 கிலோ திரும்பி வரும். போன 160 போக, 20 கிலோ லாபம்!

வெல்டிங் அண்ணன், "பரவாயில்ல பாப்பா, காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர்றாங்களா?" என்று கேட்க, எனக்குத் தலை கால் புரியவில்லை. அப்பா மட்டும் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்...

"மதியம் ரெண்டு மணிக்கு நான் திரும்பி வர்றப்ப டேங்க் காலியா இருக்குமேம்மா. அப்போ?"

டமால்! இந்தக் கேள்வி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. திரும்பக் கணக்குப் போட்டேன். தண்ணீர் தீர்ந்தால் மையம் மறுபடி பின்னால் போகிறது. முன் அச்சில் 63 கிலோ குறைகிறது. களைத்துப்போய் வீடு திரும்பும் நேரத்தில் ஸ்டியரிங் லேசாகும் வண்டி. காலையில் சரி, மதியம் தப்பு!

அடுத்த கனம் எது என்று பார்த்தோம். சமையல் மேடையின் கிரானைட் கல். 120 கிலோ, அதுவும் கடைசி முனையில். அதை எடுத்துவிட்டு 20 கிலோவில் எவர்சில்வர் தகடு போட்டால், டேங்க் காலியானாலும் முன் அச்சில் குறைவது சுமார் 20 கிலோதான். அது ஓ.கே.

ஆனால், அந்தக் கல்லை அப்பா தன் முதல் வருட வருமானத்தில் வாங்கிப் போட்டிருக்கிறார். "இதுமேல உக்காந்துதான்டா நீ ஹோம்வொர்க் எழுதின" என்று மகனைப் பார்த்துச் சொன்னார். நான் நோட்டை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவரே ஒரு பக்கம் பிடிக்க, நண்பன் ஒரு பக்கம், வெல்டிங் அண்ணன் ஒரு பக்கம்... கல் இறங்கியது. இப்போது அது அவர்கள் வீட்டு வாசலில் துணி துவைக்கும் கல்!

கல்லை எடுத்ததும் இன்னொன்று வெளியே வந்தது. இரும்பும் அலுமினியமும் ஒட்டும் இடமெல்லாம் வெள்ளைப் பொடி. உப்புக்காத்து ஈரத்தில் இரண்டு உலோகம் ஒட்டிக்கிடந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். கெமிஸ்ட்ரி லேப் வேண்டாம், கோவளம் காற்றே போதும். அரித்த இரண்டு மூலைகளை மாற்றி, நடுவில் ரப்பர் கொடுத்தாக வேண்டும். பெட்டியை இழுத்துப் பிடிக்கப்போவதே அந்த மூலைகள்தான்.

ஆர்.சி. புக் என்ன சொல்லுது?

எல்லாம் சரி, வெல்டிங் வைக்கலாமா? வைக்கக் கூடாது! அமெரிக்காவில் டிரக் கேம்பர் என்பது ஏற்றி இறக்கும் பொருள். நம் ஊரில் பெட்டியை நிரந்தரமாகப் பிடித்துவிட்டால் வண்டியின் உருவமே மாறிவிட்டது என்று அர்த்தம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதைப் பற்றித்தான் பேசுகிறது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில், கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பதும் சந்தேகம்தான்.

நாங்கள் இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டோம். முதலில் கேட்டிருக்க வேண்டும். நல்லவேளை, ஒரு போல்ட்கூட இறுக்கியிருக்கவில்லை. எங்கள் நோட்டுக் கணக்கை வைத்து முறையாக டிராயிங் போடச் சொல்லி, பாடி கட்டும் இடத்தில் கொடுத்திருக்கிறார் அப்பா. ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு, அவர்கள் சொல்கிற வழியில்தான் அடுத்த வேலை. அதுவரை பெட்டி மறுபடி புளியமரத்தடியில், நாலு கட்டை மேல். தவணைக்கு அந்த 407 இப்போதைக்குக் காய்கறி லோடு அடிக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மரத்தடியிலேயே அடுப்பைப் பற்றவைத்து எங்களுக்கு இட்லி ஊற்றினார் அப்பா. "தண்ணி டேங்க் முன்னாடி இருக்கிறதால பத்து நடை கூட நடக்கணும்மா" என்றார். பத்து நடைதானே அப்பா!

பட்டறைக்குப் போகும் முன்...

* ஆர்.சி.யில் காலி வண்டி எடை, மொத்த எடை இரண்டும் இருக்கும். கழித்தால் வருவதுதான் உங்கள் எல்லை. ஆட்கள், தண்ணீர், கேஸ் எல்லாம் அதற்குள்தான்.

* எடைமேடையில் முன் அச்சைத் தனியாக எடை போடுங்கள். டேங்க் நிரம்பியிருக்கும்போது ஒரு முறை, காலியாக இருக்கும்போது ஒரு முறை.

* பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம், அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தில் 60 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. 3 மீட்டர் என்றால் 1.8 மீட்டர். எங்களுக்கு 5 சென்டிமீட்டர்தான் மிச்சம்!

* இரட்டை டயரில் உள் டயரின் காற்றை மறந்துவிடாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் புது டயரும் தேய்ந்த டயரும் போட்டால், பெரிய டயரே அதிக பாரத்தைச் சுமக்கும். நடுவில் சிக்கும் கல்லையும் பார்த்து எடுங்கள்.

* டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. இப்போதே போய் உங்கள் பைக் டயரில் பாருங்களேன்... ஷாக் ஆவீங்க!