படம் ஏன் கலங்கியது? கம்ப்யூட்டரே சொல்லும்!

என் மகளின் முதல் பிறந்த நாளன்று கேமராவும் கையுமாகச் சுற்றி 120 படங்கள் எடுத்தேன். இரவில் அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பார்த்தபோது அதிர்ச்சி. கேமராவின் சிறிய திரையில் தெளிவாகத் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் கலங்கியிருந்தன. பாட்டி அவளை மடியில் வைத்துப் பாயசம் ஊட்டிய படமும் அதில் ஒன்று. "இன்னொரு நாள் எடுத்துக் கொள்ளலாம்" என்று விட்டுவிட்டேன். சில மாதங்களில் பாட்டி காலமானார். இருவரும் சேர்ந்திருக்கும் படம் அது ஒன்றுதான்.

கேமராதான் சரியில்லை என்று நினைத்தேன். தவறு என்னுடையது என்று காட்டியது கம்ப்யூட்டர்.

டிஜிட்டல் கேமராவும் மொபைல் போனும் படம் எடுக்கப்பட்ட விதத்தையும் அந்த பைலுக்குள்ளேயே எழுதி வைக்கின்றன. இதனை எக்ஸிப் தகவல் என்பார்கள். விண்டோஸில் பட பைல் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸ் தேர்ந்தெடுங்கள். அடுத்து டீடெய்ல்ஸ் டேபில் கிளிக் செய்து கீழே செல்லுங்கள். எக்ஸ்போஷர் டைம், ஐ.எஸ்.ஓ. ஸ்பீட் ஆகியவை கிடைக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்பட்ட படங்களில் இத்தகவல் இருக்காது. ஒரிஜினல் பைலைப் பாருங்கள்.

எக்ஸ்போஷர் டைம் என்பது கேமரா ஒளியை வாங்கிக் கொண்ட நேரம். பாட்டி படத்தில் இது 1/8 விநாடி என்றிருந்தது. ட்யூப் லைட் வெளிச்சம் போதாததால், கேமரா அதிக நேரம் எடுத்துக் கொண்டுள்ளது. அதற்குள் என் கையும் அசைந்தது, குழந்தையும் தலையைத் திருப்பிவிட்டாள். அசையாமல் அமர்ந்திருப்பவர்களுக்கு 1/60, ஓடியாடும் குழந்தைகளுக்கு 1/250 விநாடி என்பது நல்ல தொடக்கம்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

1. வெளிச்சத்தைத் தேடுங்கள். எடுக்கப்படுபவரைப் பகலில் ஜன்னலைப் பார்த்து அமரச் செய்யுங்கள். ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும்.

2. ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டுங்கள். இது இரண்டு மடங்கானால், எக்ஸ்போஷர் டைம் பாதியாகும். 200ல் 1/30 விநாடி தேவை எனில், 400ல் 1/60 போதும். மிகவும் கூட்டினால் படத்தில் புள்ளிகள் தோன்றும். ஆனால், புள்ளி விழுந்த படத்தில் முகம் தெரியும். கலங்கிய படத்தில் தெரியாது.

3. பிளாஷ் பயன்படுத்தினால் அருகில் செல்லுங்கள். தூரம் இரண்டு மடங்கானால், கிடைக்கும் ஒளி கால் பங்காகிவிடும். கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடைக்கு பிளாஷ் அடிப்பதில் பயன் இல்லை.

கேமராவில் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி, போகஸ் ஆனபின் முழுவதும் அழுத்துங்கள். மொபைலில் முகத்தின் மீது தொட்டுவிட்டு எடுங்கள். முழங்கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக் கொள்ளுங்கள். எடுத்தவுடன் ஜூம் செய்து கண்களைப் பாருங்கள். கலங்கியிருந்தால் அங்கேயே மீண்டும் எடுத்துவிடலாம்.

இன்றைய சாப்ட்வேர்கள் கலங்கிய படத்தை ஓரளவு கூர்மையாக்குகின்றன. ஆனால், பதிவாகாத சிரிப்பை அவை ஊகித்துத்தான் வரைய முடியும். எனவே பாட்டி படத்தை அப்படியே வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஒரு காப்பி, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி.

இன்றே உங்கள் பழைய படங்கள் பத்தின் எக்ஸ்போஷர் டைமைப் பாருங்கள். பிறகு வீட்டுப் பெரியவர்களை ஜன்னலோரம் அமர வைத்து எடுங்கள். இன்னொரு நாள் என்று தள்ளிப் போட வேண்டாம்.