அவுட்லுக்கில் ஆட்-இன் தெரியவில்லையா?

நண்பர் எழுதித் தந்த ஆட்-இன் ஃபைலைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்துவிட்டீர்கள். அவுட்லுக்கைத் திறந்தால் புதிய பட்டனைக் காணோம். ஃபைலில் கோளாறு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அது இன்னும் பதிவு செய்யப்படவில்லை.

தேவகோட்டைப் பக்கத்து வாசகர்களுக்கு இது எளிதில் புரியும். நகரத்தார் குடும்பங்களில் திருமணமான தம்பதியை அவர்களுடைய நகரக் கோவிலில் ஒரு 'புள்ளி'யாகப் பதிவார்கள். ஏட்டில் ஏறினால்தான் கணக்கில் சேர்த்தி. அவுட்லுக்கும் ஹார்ட் டிஸ்கில் என்னென்ன கிடக்கிறது என்று தேடாது. ரிஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் பதிவேட்டைத்தான் பார்க்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதிவான ஆட்-இன் அவுட்லுக்கின் உள்ளேயே இயங்கும். பேங்க் ஸ்டேட்மென்ட் உட்பட உங்கள் மெயில்கள் எல்லாவற்றையும் அதனால் படிக்க முடியும். எழுதியவர் யாரென்று தெரியாவிட்டால் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் டிஎல்எல் ஃபைலை விண்டோஸுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ரெக்எஸ்விஆர்32 என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு, ஃபைலின் முழுப் பாதையைக் கொடுங்கள். டாட்நெட்டில் எழுதியதற்கு இது உதவாது. எழுதியவரிடம் செட்டப் ஃபைலாகக் கேட்டு வாங்குவதே நல்லது. 64 பிட் அவுட்லுக்கில் 32 பிட் டிஎல்எல் ஏறாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது அவுட்லுக்குக்கான பதிவு. ரிஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்துவிட்டு, ரெஜ்எடிட்டில் ஹெச்கீ கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆஃபீஸ், அவுட்லுக், ஆட்இன்ஸ் என்று வரிசையாகத் திறங்கள். அங்கே ஆட்-இன்னின் ப்ராக்ஐடி பெயரில் ஒரு கீ உருவாக்கி, அதற்குள் லோட்பிஹேவியர் என்ற டிவேர்டு மதிப்பை 3 என்று வையுங்கள். அவுட்லுக் திறக்கும்போதே இதையும் ஏற்று என்பது 3-இன் பொருள்.

சில நாள் கழித்துப் பட்டன் மறைந்துபோனால் அந்த எண்ணைத்தான் முதலில் பாருங்கள். ஏற்றும்போது பிழை வந்தால் அவுட்லுக்கே அதை 2 ஆக்கிவிடும். 2013 பதிப்பிலிருந்து இன்னொரு கண்டிப்பும் உண்டு: ஆட்-இன் ஏற 1 விநாடிக்கு மேல் வழக்கமாக எடுத்துக்கொண்டால், அவுட்லுக் அதை முடக்கி வைக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் பக்கத்தில் முடக்கப்பட்டவற்றின் பட்டியல் இருக்கிறது.

இவையெல்லாம் பழைய, கிளாசிக் அவுட்லுக்குக்குத்தான். விண்டோஸ் 11-உடன் வரும் புதிய அவுட்லுக் இவ்வகை ஆட்-இன்களை ஏற்பதே இல்லை. அதில் ரிஜிஸ்ட்ரியை எத்தனை முறை திருத்தினாலும் பட்டன் வராது.