இருட்டிலும் மின்மினியின் தடம்

1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரச் சிறுவர்களுக்குக் கோடையில் ஒரு வருமானம் இருந்தது. நூறு மின்மினி பிடித்துக் கொடுத்தால் 25 சென்ட். கொடுத்தவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மெக்எல்ராய். மின்மினி ஒளிர, உயிரணுவின் எரிபொருளான ஏடிபி வேண்டும் என்று 1947இல் காட்டியவர் அவர். அந்தப் பூச்சிகளின் வாலில் இருந்த லூசிஃபெரேஸ் என்ற நொதிதான் இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் உழைக்கிறது.

1985இல் சான் டியாகோவில் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். மறு ஆண்டே அந்த மரபணுவைப் பெற்ற புகையிலைச் செடி ஒளிர்ந்தது. அதன்பின், தாங்கள் ஆராயும் மரபணுவின் இயக்குபகுதியோடு இதை இணைத்துவிட்டு, வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பது ஆய்வாளர்களின் வழக்கமாயிற்று.

வெளிச்சம் வந்தால் சரி. வராவிட்டால்? நொதியே உருவாகவில்லையா, அல்லது உருவாகியும் ஒளிர முடியவில்லையா? நொதி வினைபுரியும் மூலப்பொருளான லூசிஃபெரின், ஏடிபி, மெக்னீசியம், ஆக்சிஜன் ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் ஒளி மங்கும். புற்றுக்கட்டியின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் குறைவு என்பதால் அங்கே இந்தச் சந்தேகம் கட்டாயம் எழும். ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவிலோ நொதி பெரும்பாலும் செயலிழந்துவிடும். புரதம் மட்டும் அங்கேயே இருக்கும்.

அந்தப் புரதத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள். தூய்மையாக்கிய லூசிஃபெரேஸை முயலுக்கு ஊசியாகப் போட்டால், அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் முயலின் ரத்தத்தில் உருவாகும். நொதி செயல்படுகிறதா என்பது அவற்றுக்குப் பொருட்டல்ல. புரதம் இருந்தால் போதும். ஆனால் பற்றியது நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. அதற்காக அவற்றோடு ஓர் அடையாளப் பொருளைப் பிணைக்கிறார்கள். ஃப்ளூரசீன் சாயம் என்றால் நீல ஒளி பட்டதும் பச்சையாக மின்னும். எந்த உயிரணுவில் நொதி இருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்க்கலாம். பெராக்சிடேஸ் நொதி என்றால், புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் சுமார் 62 கிலோடால்டன் அளவில் ஒரு பட்டை தெரியும். ஆன்டிபாடியில் ஒளிரும் சாயம் ஏற்றும் இந்த வழியை 1941இல் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் திறந்தார்கள். உயிரியலுக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடைகளில் ஒன்று என்றே அதைச் சொல்வேன்.

ஒன்றில் கவனம் வேண்டும். கடல்வாழ் ரெனில்லாவின் லூசிஃபெரேஸுக்கும் மின்மினியின் நொதிக்கும் பெயர்தான் ஒன்று. பரிணாம உறவு கிடையாது. ஒன்றுக்கான ஆன்டிபாடி மற்றொன்றைக் கண்டறியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பச்சை ஒளிரும் புரதமும் உள்ள உயிரணுவில் ஃப்ளூரசீன் சாயத்தைப் பயன்படுத்தினால் இரண்டு பச்சையும் கலந்து குழப்பும்.

ஆன்டிபாடிகளின் தரம் குறித்து 2015இல் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் நேச்சர் இதழில் வெளிப்படையாகக் கவலை தெரிவித்தார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆகவே ஆய்வக மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குப்பியின் மேல் ஒட்டிய சீட்டை மட்டும் நம்பாதீர்கள். லூசிஃபெரேஸ் மரபணுவே இல்லாத உயிரணுக்களையும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். அங்கேயும் அதே பட்டை தெரிந்தால், அந்த ஆன்டிபாடியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.