ஆவியாகும் யூரியா எங்கே போய் இறங்குகிறது?

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரக் கரிசல் நிலங்களில் மானாவாரிப் பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் யூரியாவை மேலுரமாகத் தூவுகிறோம். 45 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 20.7 கிலோ தழைச்சத்து உண்டு. இதில் ஒரு பகுதி பயிருக்குக் கிட்டாமல் அம்மோனியா வாயுவாகி விடுகிறது. அந்த வாயு எங்கே இறங்குகிறது என்பதையும் உழவர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று.

ஆவியாவது எப்படி?

மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதி யூரியாவைச் சிதைக்கும்போது குருணையைச் சுற்றியுள்ள மண் காரத்தன்மை அடைகிறது. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் இழப்பு மேலும் கூடும். வேம்பு பூசிய யூரியா, தழைச்சத்து நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும். ஆவியாவதைத் தடுக்க அது மட்டும் போதாது.

இறங்குவதைக் கணக்கிடுதல்

கிளம்பிய வாயுவின் அளவு, காற்றின் திசை, வேகம், இலைகள் ஈர்க்கும் திறன், மழை ஆகியவற்றைக் கொண்டு விஞ்ஞானிகள் கணித மாதிரி அமைக்கின்றனர். வாயுவில் ஒரு பங்கு வயலுக்கு அருகிலேயே படியும். மற்றொரு பங்கு, கந்தகம் எரிந்த புகையுடன் கூடி நுண்துகளாகி, நெடுந்தொலைவு சென்று மழையோடு இறங்கும்.

ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 1 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்து, வினாடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் படிந்தால், ஆண்டில் எக்டருக்குச் சுமார் 2.6 கிலோ தழைச்சத்து சேரும். ஐரோப்பாவில் 2007-இல் லைக்கன்களுக்கு வகுத்த வரம்பும் இந்த 1 மைக்ரோகிராமே. நாம் மசாலாவில் சேர்க்கும் கல்பாசி ஒரு லைக்கன்தான். வரம்பு மீறினால் இத்தகைய மென்மையான இனங்கள் நலியும். தழைச்சத்தை விரும்பும் களைகள் பெருகும்.

ஐப்பசி, கார்த்திகையில் வீசும் வாடைக்காற்று நம் வயல்களிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பக்கம் செல்கிறது. அக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. வைப்பாற்றுக்கு நீர் தரும் மலையும் அதுவே.

செய்ய வேண்டியவை

1. யூரியாவைச் செடி வரிசையோரம் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு மண்ணால் மூடவும்.
2. பனி ஈரத்திலும் சிறு தூறலிலும் மேலாகத் தூவ வேண்டாம். நல்ல மழைக்குச் சற்று முன் இடுவது நலம்.
3. மண் பரிசோதனைப்படி பிரித்து இடவும்.
4. சாம்பல், சுண்ணாம்பு ஆகியவற்றுடன் கலக்கக் கூடாது.
5. தொழு உரத்தைச் சிதறிய அன்றே உழுது மூடவும்.

இவற்றால் உரச் செலவும் குறையும். காட்டின் மேல் இறங்கும் சுமையும் குறையும்.