வன்தட்டு பழுதானால் தரவு மீளுமா?

பாடக் குறிப்புகள், குடும்பப் புகைப்படங்கள், கடைக் கணக்குகள் என நாம் கணினியில் சேமிப்பவை பலவும் வன்தட்டிலேயே தங்கியுள்ளன. எந்தத் தட்டும் என்றோ ஒருநாள் பழுதாகும். வைத்தியசாலையிலோ வங்கியிலோ அவ்வாறு நேர்ந்தால் எத்தனையோ பேரின் பதிவுகள் அழிந்துவிடும். இதற்கு ஒரு தீர்வே 'றெயிட்' முறை. அமெரிக்காவின் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி கற்ஸ் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இப்பெயரை அறிமுகப்படுத்தினர். பல தட்டுகளைச் சேர்த்து ஒரே தட்டுப் போல இயக்குவதே இதன் அடிப்படை.

றெயிட் 0 தரவைத் தட்டுகளுக்கிடையே பங்கிடும். வேகம் உண்டு, ஆனால் ஒரு தட்டுப் போனாலும் முழுத் தரவும் போய்விடும். றெயிட் 1 ஒரே தரவை இரு தட்டுகளிலும் எழுதும். றெயிட் 5 தரவோடு 'பரிற்றி' எனும் ஈட்டுப் பெறுமானத்தையும் கணித்து எல்லாத் தட்டுகளிலும் பரப்பி வைக்கும்.

பரிற்றி எவ்வாறு தொலைந்த தரவை மீட்கிறது? உயர்தர வகுப்பில் நாம் கற்கும் எக்ஸ்ஓஆர் தர்க்கப் படலையே இதன் இரகசியம். மூன்று தட்டுகளில் முறையே 1011, 0110, 1100 உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொரு நிரலிலும் 1களின் எண்ணிக்கை இரட்டையாக வரும்படி நான்காவது தட்டில் 0001 எழுதப்படும். இப்போது இரண்டாவது தட்டுப் பழுதாகிறது. எஞ்சிய 1011, 1100, 0001 ஆகியவற்றின் நிரல்களை மீண்டும் இரட்டையாக்கிப் பாருங்கள். 0110 கிடைக்கும். தொலைந்த தரவு அதுவே!

தட்டொன்று பழுதானதும் தொகுதி நின்றுவிடாது; குறைநிலையில் தொடர்ந்து இயங்கும். முதலில் முக்கிய தரவை வேறிடத்தில் பிரதி செய்தல் வேண்டும். அடுத்து, தொடர் இலக்கத்தைப் பார்த்துப் பழுதான தட்டைச் சரியாக இனங்காண வேண்டும். தவறுதலாக நல்ல தட்டைக் கழற்றினால் றெயிட் 5 தொகுதி முழுவதும் செயலிழக்கும். பின்னர் அதே கொள்ளளவோ அதற்கு மேலோ உள்ள புதிய தட்டைப் பொருத்தினால் மீள்கட்டமைப்பு ஆரம்பமாகும்.

ஆபத்தான நேரமும் இதுவே. 4 ரெராபைற்றுத் தட்டொன்றைச் செக்கனுக்கு 150 மெகாபைற்று வேகத்தில் நிரப்பினாலும் ஏழு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். அவ்வளவு நேரமும் எஞ்சிய தட்டுகள் தொடக்கம் முதல் முடிவு வரை வாசிக்கப்படும். ஒரே நாளில் வாங்கிய தட்டுகளாயின் அவையும் அதேயளவு தேய்ந்திருக்கும். அவற்றில் இன்னொன்று பழுதானால் றெயிட் 5இல் மீட்சி இல்லை. அதனாலேயே இரு தட்டுகளின் இழப்பைத் தாங்கும் றெயிட் 6ஐப் பெரிய நிறுவனங்கள் விரும்புகின்றன.

ஒன்றை மறக்கக் கூடாது. றெயிட் என்பது காப்புப் பிரதி அன்று. நாம் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் றெயிட் அந்த அழிப்பையும் எல்லாத் தட்டுகளிலும் உடனே செய்துவிடும். வைரசும் தீயும் வெள்ளமும் தட்டுகளைத் தனித்தனியே தேடி வருவதில்லை. எனவே றெயிட் இருந்தாலும், வேறோர் இடத்தில் இன்னுமொரு பிரதி இருக்கட்டும்.